முற்றமும் ஜலதாரையும்: சதுப்பு நிலத்தைச் சுற்றி ஏன் கோடு போடுகிறார்கள்?

தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், 2025 கடைசியில் இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "சதுப்பு நிலத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு எதுவுமே கட்டக் கூடாதாம்." "இருக்கிற வீட்டையும் இடிச்சுடுவாங்களாமே?" "அதெல்லாம் ஒண்ணும் நடக்காது, எங்ககிட்ட பட்டா இருக்கு." கல்யாணப் பந்தி முதல் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு வரை இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பயத்தில் பிறந்தது. மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பித்தான் ஆயுள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு முற்றம்

பழைய ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் மழைத் தண்ணீரை அதற்குள்தான் கொட்டும். முற்றம் தாழ்வாரத்தைவிட ஒரு முழம் பள்ளமாக இருக்கும். ஒரு மூலையில் ஜலதாரை, அதாவது தண்ணீர் வெளியே போகிற சின்ன ஓட்டை. ஐப்பசியில் பெருமழை கொட்டினால் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். நாங்கள் காகிதக் கப்பல் விடுவோம். அரை மணி நேரத்தில் அத்தனையும் ஜலதாரை வழியாக வடிந்துவிடும். கூடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

என் தாத்தா வீட்டில் ஒரு வருஷம் துணி துவைக்கும் கல் போடுவதற்காக முற்றத்தின் ஒரு பக்கத்தை மண் போட்டு உயர்த்தி சிமெண்ட் பூசினார்கள். பாதி முற்றம்கூட இல்லை, கால்வாசிதான். ஜலதாரையை யாரும் அடைக்கவில்லை. அந்த ஐப்பசியில் தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறி, அங்கே அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் அடியை நனைத்துவிட்டது. "எப்பவும் பெய்யற மழைதானே?" என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்டது நினைவிருக்கிறது. மழை அதேதான். ஓட்டை சிறியது என்பதால், தண்ணீர் வடியும்வரை நின்று காத்திருக்க இடம் வேண்டும். அந்த இடம்தான் குறைந்துபோயிருந்தது.

இந்த வீட்டில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முற்றம், ஜலதாரை, நான்கு பக்கத்துக் கூரை. முற்றத்தில் யாரும் கை வைக்காவிட்டாலும், பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீரையும் இதற்குள் திருப்பிவிட்டால் கதை அதேதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் சட்டத்தில் வரும் சொற்கள் எல்லாம் தானாகவே புரியும்.

தென்சென்னையின் முற்றம்

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அப்படிப்பட்ட ஒரு முற்றம். கழிவெளி என்பது அதன் பழைய பெயர். அதன் கூரை சுமார் 250 சதுர கிலோமீட்டர். தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி சுற்றிலும் இருக்கிற பல ஏரிகள் ஒன்று நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் இந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். இங்கிருந்து வெளியே போகிற முக்கிய ஜலதாரை ஒக்கியம் மடுவு. அது பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது.

ஒரு காலத்தில் இது 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த நிலம். பிறகு ரயில் பாதை வந்தது, ரேடியல் சாலை நடுவே வெட்டிக்கொண்டு போனது, பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வளர்ந்தது, அரசு நிறுவனங்களே வளாகம் கட்டிக்கொண்டன, குடியிருப்புகள் நெருங்கின. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது: இந்த முற்றத்தை மேடாக்கியதில் தனியாருக்கு எவ்வளவு பங்கோ, அரசுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இன்றைக்கும் குளிர்காலத்தில் ரேடியல் சாலையோரம் நின்று பார்த்தால், பின்னால் லாரிகள் இரைந்துகொண்டிருக்க, முன்னால் முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைகள் தலைகீழாக அலகை விட்டு மேய்ந்துகொண்டிருக்கும். சம்புப் புதருக்குள் நீலத் தாழைக்கோழி நடந்து போகும். இவ்வளவுக்குப் பிறகும் அவை வருகின்றன.

சதுப்பு நிலம் என்றால் என்ன? வருடத்தில் கொஞ்ச காலமாவது தண்ணீர் தேங்கி நிற்பதால் மண்ணும் செடியும் உயிர்களும் அந்த ஈரத்துக்கே பழகிப்போன நிலம். ஏரி, கழிமுகம், அலையாத்திக் காடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பெரிய சொல் ஈரநிலம். சித்திரையில் காய்ந்து கிடந்தாலும் அது ஈரநிலம்தான். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் சதுப்பு நிலத்தை மூன்று அடி மண் கொட்டி உயர்த்தினால், அங்கே நிற்க வேண்டிய சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் போகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் முந்நூறு லாரிக்கு மேல். அந்தத் தண்ணீர் மாயமாகிவிடாது. மேடாக்காத பக்கத்து மனைக்குப் போகும்.

கூரைக் கணக்கையும் பாருங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. அதன் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர். மண் தரையாக இருந்தால் அதில் ஒரு பங்கு கீழே இறங்கும், ஒரு பங்கு மெதுவாக ஓடும். முழுக்கக் கட்டடமும் சிமெண்ட் தரையுமாக இருந்தால் கிட்டத்தட்ட எல்லாமே உடனே ஓடும். சதுப்பு நிலத்துக்குள் ஒரு செங்கல்கூட வைக்காமல், அதைச் சுற்றி 165 கிரவுண்டை இப்படி மூடினாலே, மேலே சொன்ன ஒரு ஏக்கர் அளவு தண்ணீர் ஒரே நாளில் வந்து முட்டும். தென்சென்னை தட்டையான பூமி. ஓர் அடி மேடு, தண்ணீர் போகும் திசையையே மாற்றிவிடும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி பகுதிகளில் மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சதுப்பு நிலத்துக்கு உள்ளே மண் கொட்டினால் தண்ணீருக்கு இடம் குறைகிறது. வெளியே கட்டினால் வரும் தண்ணீர் கூடுகிறது. வடிகாலை நெருக்கினால் போகும் தண்ணீர் குறைகிறது. சட்டம் இந்த மூன்றையும் தடுக்கப் பார்க்கிறது. அதனால்தான் ஒரே ஒரு கோடு போதவில்லை.

நான்கு கோடுகள், நான்கு கேள்விகள்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நான்கு வெவ்வேறு கோடுகளை ஒரே கோடு என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதல் கோடு பட்டா. இந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அது பதில். அவ்வளவுதான். அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைப் பற்றி பட்டா வாயே திறக்காது. வீடு சொந்த வீடுதான், அதற்காக அடுக்குமாடியில் உங்கள் பக்கத்துத் தூணை வெட்டி எடுக்க முடியுமா? சொந்தம் என்பது ஒன்று, செய்யும் உரிமை என்பது வேறு. ஒருகாலத்தில் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மேய்ச்சலுக்கோ ஒருபோக விவசாயத்துக்கோ இருந்த நிலம் முறையாகவே தனியார் பட்டாவில் இருக்கலாம். பட்டா பொய்யில்லை. ஆனால் தண்ணீருக்குப் பட்டா தெரியாது.

இரண்டாவது கோடு நில உபயோக வகைப்பாடு. சென்னைப் பெருநகருக்கு சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், போட்ட முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் குடியிருப்பு, தொழில், விவசாயம் என்று ஒரு வகை குறித்திருப்பார்கள். திட்ட அனுமதி கொடுக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாவது, ஈரநிலத்தின் எல்லை. இந்தியாவில் இதற்கென்று இருப்பது 2017-ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும், ராம்சார் தலங்களுக்கும் இவை பொருந்தும். ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971-இல் அங்கே ஈரநிலங்களுக்காக ஒரு பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் சேர்ந்த நாடுகள் தங்கள் முக்கியமான ஈரநிலங்களைப் பட்டியலில் சேர்க்கும். தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன. முதலில் சேர்ந்தது கோடியக்கரை, 2002-இல். பள்ளிக்கரணை 2022-இல் சேர்ந்தது. "ராம்சார் வெளிநாட்டுக்காரன் சட்டம், நம்மை ஒன்றும் செய்யாது" என்று சிலர் சொல்கிறார்கள். உடன்படிக்கை பன்னாட்டினுடையது, சரி. ஆனால் பட்டியலில் சேர்ந்த உடனே நம் நாட்டு 2017 விதிகள் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

நான்காவது கோடுதான் புதிது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். தாக்கப் பகுதி. ஈரநிலத்துக்கு வெளியே, ஆனால் அங்கே நடக்கிற கட்டுமானமோ மாற்றமோ ஈரநிலத்தைக் கெடுக்கும் என்றால், நீர்ப்பிடிப்பில் அந்தப் பங்கைத் தாக்கப் பகுதி என்று விதி சொல்கிறது. முற்றத்துக் கணக்கில் சொன்னால், கூரை.

பள்ளிக்கரணையில் என்ன சிக்கல்?

இப்போது அந்த நான்கு கோடுகளையும் பள்ளிக்கரணை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ராம்சார் தலமாக அறிவித்த பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதில் காப்புக் காடாக வனத்துறையிடம் இருப்பது சுமார் 700 ஹெக்டேர். மீதி சுமார் 550 ஹெக்டேர் காட்டுக்கு வெளியே இருக்கிறது. அதில் பட்டா நிலமும் உண்டு. "வனத்துறை வேலிக்கு இந்தப் பக்கம்தானே, பிரச்சினை இல்லை" என்று மனை விற்கிறவர்கள் சொல்வது இதனால்தான் தவறு. வேலி காட்டின் எல்லை. ராம்சார் எல்லை வேலியைத் தாண்டியும் போகிறது.

இன்னொரு சிக்கல். ராம்சார் வரைபடம் ஒரு படத்தின் மேல் வரைந்த கோடு. அது எந்தெந்தப் புல எண்ணின் குறுக்கே போகிறது என்று தரையில் இறங்கி, கிராமக் கணக்கோடு ஒப்பிட்டு, அளந்து உறுதி செய்ய வேண்டும். இதற்குக் களச் சரிபார்ப்பு என்று பெயர். 2022-இல் அறிவித்தபோதே இது முடிந்திருக்க வேண்டிய வேலை. முடியவில்லை. அந்த இடைவெளியில் கட்டட அனுமதிகள் பற்றிய புகார்கள் எழுந்தன.

2025 செப்டம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. தாக்கப் பகுதி எதுவென்று அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சார் தலத்துக்குள்ளும், அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிதாகக் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்பது அதன் சாரம். அக்டோபர் கடைசியில், பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முதலில் சொன்ன மூன்று பேச்சும் இங்கிருந்துதான் கிளம்பின.

உத்தரவைக் கவனமாகப் படியுங்கள். ஒரு கிலோமீட்டர் என்பது நிரந்தர எல்லை இல்லை. வீட்டில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் மெயின் வால்வை மூடி வைப்பதில்லையா, அது மாதிரி. ஆய்வு முடிந்த பிறகு தாக்கப் பகுதி சில இடங்களில் 300 மீட்டராகவும், ஓடை வந்து சேரும் பக்கத்தில் பல கிலோமீட்டராகவும் அமையலாம். கூரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தானே நீளும்? வட்டமாக ஒரு கோடு போடுவது நிர்வாகத்துக்கு வசதி. தண்ணீர் வட்டமாக ஓடுவதில்லை. புது அனுமதியை நிறுத்துவது வேறு, ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டை இடிப்பது வேறு. இந்த உத்தரவு பேசியது முதலாவதைப் பற்றி. இடைக்கால உத்தரவுகள் மாறக் கூடியவை என்பதால், மனை வாங்குகிறவர் வாங்குகிற அன்றைய நிலையை சிஎம்டிஏவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தடை, கட்டுப்பாடு, அனுமதி

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் தடை என்று நினைப்பது இன்னொரு தவறு. ஈரநிலத்துக்குள் அறவே கூடாதவை என்று 2017 விதிகள் சிலவற்றைச் சொல்கின்றன. ஆக்கிரமிப்பு உட்பட, ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. புதிய தொழிற்சாலை கூடாது, இருப்பதை விரிவாக்கவும் கூடாது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டக் கூடாது. சுத்திகரிக்காத கழிவுநீரை விடக் கூடாது, வேட்டை கூடாது. படகுத் துறையைத் தவிர, 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது.

மீன்பிடிப்பு, மேய்ச்சல், கோரை அறுப்பு போன்றவை அந்தந்த ஈரநிலத்துக்குத் தனித்தனியாகத் தீர்மானிக்கப்பட வேண்டியவை. அதற்காக ஒவ்வொரு ஈரநிலத்துக்கும் ஒரு சுருக்க ஆவணம் தயாரிக்கச் சொல்கிறது விதி. எல்லை, தாக்கப் பகுதி, அங்கே மக்களுக்கு ஏற்கெனவே இருக்கிற உரிமைகள், எதை அனுமதிக்கலாம், எதைக் கட்டுப்படுத்தலாம் எல்லாம் அதில் வர வேண்டும். தாக்கப் பகுதிக்குள் இருக்கிற ஒரு மனையில் வீடே கட்ட முடியாது என்று அர்த்தம் இல்லை. மழைநீரை மனைக்குள்ளேயே இறக்கு, இத்தனை சதவீதம் மண் தரையாக விடு, மட்டத்தை இவ்வளவுக்கு மேல் உயர்த்தாதே என்ற மாதிரி நிபந்தனைகள் வரலாம். தலையில் கல் விழுந்த மாதிரி பயப்பட இதில் ஒன்றும் இல்லை.

அந்த 50 மீட்டரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கிருந்து 50 மீட்டர்? கரையிலிருந்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சதுப்பு நிலத்துக்கு ஏது கரை? ஏரிக்கு மனிதன் கட்டிய கரை உண்டு. சதுப்பு நிலம் மாசியில் சுருங்கும், கார்த்திகையில் விரியும். அதனால் விதி வெள்ள உச்ச மட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. விதி அமலுக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளில் வெள்ளம் தொட்ட உச்ச மட்டங்களின் சராசரி. அங்கிருந்து 50 மீட்டர்.

தரகர்கள் மனை காட்டுவது பெரும்பாலும் வெயில் காலத்தில். சித்திரையில் போனால் தரை வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். "பாருங்க சார், இங்கே எங்கே தண்ணி?" என்பார்கள். அதே இடத்துக்கு ஐப்பசி கடைசியில் போங்கள். அவர் காட்டிய எல்லைக்கல் தண்ணீருக்குள் இருக்கும். மண் கொஞ்சம் தோண்டினால் கறுப்பாக, பிசுபிசுப்பாக, அழுகல் வாசனையோடு வருகிறதா, ஓரத்தில் சம்பும் கோரையும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். செடி பொய் சொல்லாது.

இந்த அளவுகோலில் எனக்கு ஒரு குறை உண்டு. விதி 2017 செப்டம்பரில் வந்தது. கணக்கில் வருவது அதற்கு முந்தைய பத்தாண்டுகள். 2015 வெள்ளம் அதில் வரும், 2023 வராது. மழையின் போக்கே மாறிக்கொண்டிருக்கும்போது அளவுகோலை ஒரே காலத்தில் ஆணியடித்து நிறுத்தியிருக்கக் கூடாது.

மறுபடி ஒரு வரி: ஈரநிலத்துக்குள் கடுமையான தடை, வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்கு நிரந்தரக் கட்டடத் தடை, தாக்கப் பகுதியில் இடத்துக்கேற்ற கட்டுப்பாடு.

கோட்டை யார் போடலாம்?

பெங்களூரில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி தெளிவாகும். அங்கே மாஸ்டர் பிளானில், அதாவது முழுமைத் திட்டத்தில், ஏரியைச் சுற்றி 30 மீட்டர் காலி இடம் விட வேண்டும் என்று இருந்தது. 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 75 மீட்டராக உயர்த்தியது. ராஜகால்வாய்கள் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கும் புதிய தூரங்களை நிர்ணயித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி உருவான மாஸ்டர் பிளானின் அளவைத் தீர்ப்பாயம் தன் உத்தரவால் மாற்றி எழுத முடியாது என்பதே காரணம். 30 மீட்டர் போதும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை, கோடு போட வேண்டிய கை வேறு என்றுதான் சொன்னது.

பள்ளிக்கரணைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். தீர்ப்பாயம் நிறுத்தி வைக்கலாம், கேள்வி கேட்கலாம். நிலைத்து நிற்கிற கோட்டை மாநில ஈரநில ஆணையம் பரிந்துரைத்து, அரசு அறிவிக்கையாக வெளியிட்டு, சிஎம்டிஏ தன் முழுமைத் திட்டத்தில் ஏற்ற வேண்டும். அதுவரை ஒவ்வொரு வழக்கிலும் கோடு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் நஷ்டப்படுவது சதுப்பு நிலமும், மாதத் தவணை கட்டுகிற நடுத்தரக் குடும்பமும்தான்.

விதிக்கு வெளியே நிற்பவை

2017 விதிகள் ஆறுகள், நெல் வயல்கள், குடிநீருக்காகக் கட்டிய நீர்நிலைகள், பாசனத்துக்காக அமைத்தவை ஆகியவற்றை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டியவை. அவற்றைக் காக்க வேறு சட்டங்களைத் தேட வேண்டும். பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றமும் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்க 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

கேரளம் இதில் இன்னும் முன்னே போனது. மத்திய விதி விட்டுவிட்ட நெல் வயலையும் சேர்த்து, 2008-இலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, முதல் முடிவு ஊரிலேயே நடக்கிறது என்பது. பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் மூவர் சேர்ந்த உள்ளூர்க் குழு ஊரின் வயல்களையும் ஈரநிலங்களையும் பட்டியலிடுகிறது. வேறு நிலம் இல்லாத ஒருவர் தன் வயலில் வீடு கட்டப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை விண்ணப்பிக்கலாம். பக்கத்து வயலுக்குப் போகும் தண்ணீர் தடைபடுமா என்று குழு பார்க்கும். ஈரநிலத்தை நிரப்புவதற்கோ அறவே தடை. எந்த மடையை அடைத்தால் யார் வயல் காயும் என்பது தலைநகரத்தில் இருப்பவருக்குத் தெரியாது, வரப்பில் நடப்பவருக்குத் தெரியும். தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு ஊர்க் குழு இருந்திருந்தால் எத்தனையோ ஏரிகளின் வரத்துக் கால்வாய்கள் இன்று மனைகளாகியிருக்காது என்று நினைக்கிறேன்.

மனை வாங்கும் முன், வாங்கிய பின்

பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எல்லாருமே பார்க்கிறார்கள். அதோடு புல எண்ணை வைத்து, கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்த நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், கழிவெளிப் புறம்போக்கு என்று பக்கத்தில் இருந்தால், உங்கள் மனை தண்ணீரின் வழியில் இருக்கிறதா என்ற கேள்வி எழ வேண்டும். கிராம வரைபடத்தில் வாய்க்கால் கோடு எங்கே போகிறது, இன்று அது தரையில் இருக்கிறதா? முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண்ணுக்கு என்ன வகைப்பாடு என்பதை சிஎம்டிஏவில் கேட்டால் தெரியும். விற்பவர் திட்ட அனுமதியைக் காட்டினால், எந்தத் தேதியில் வாங்கியது, என்ன நிபந்தனைகளோடு கொடுத்தது என்று கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓர் ஈரநிலத்தை இந்த விதிகளின் கீழ் அறிவிக்கை செய்யும்போது, முதலில் வரைவு வெளியாகும். அதன் மேல் கருத்தோ ஆட்சேபமோ சொல்லப் பொதுமக்களுக்கு 60 நாள் உண்டு. "எங்களைப் பாதிக்கும், வேண்டாம்" என்று ஒற்றை வரி எழுதினால் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். "இதையும் சேருங்கள்" என்று வெறுமனே எழுதினாலும் அப்படித்தான். புல எண், தெருப் பெயர், எந்த வருடம் எந்தத் தேதியில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தத் திசையிலிருந்து வந்தது, தேதியோடு புகைப்படம். இவ்வளவும் இருந்தால் அது ஆதாரம். தாக்கப் பகுதியைத் தீர்மானிக்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைப்பது கஷ்டம்.

2015 வெள்ளத்தின் பழுப்புக் கோடு உங்கள் வீட்டுச் சுவரிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, பழைய மோட்டார் அறையிலோ இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அடுத்த முறை பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தெரு மட்டத்திலிருந்து அது எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று டேப் பிடித்து அளந்து, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.